சோளத்தில் தண்டு துளைப்பான்: புதிதாகப் பயிரிடுவோருக்கு, ஒரு மாரியிலிருந்து அடுத்த மாரி வரை

விதைத்து மூன்றாவது கிழமை. செடி முழங்காலுக்கு வரப் பார்க்கிறது. காலையில் காணிக்குள் இறங்கினால் சில செடிகளின் இலையில், குறுக்காக, ஒரே வரிசையில் சின்னச் சின்ன ஓட்டைகள். யாரோ ஊசியால் அளந்து குத்தியதுபோல இருக்கும். முதல்முறை சோளம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதை வெட்டுக்கிளி என்று நினைப்பார்கள், இல்லாவிட்டால் "இலைதானே, போகட்டும்" என்று விட்டுவிடுவார்கள். அந்த ஓட்டை வரிசைதான் தண்டு துளைப்பான் வந்துவிட்டதற்கான முதல் அடையாளம். அதைக் கண்ட நாளிலிருந்து உங்கள் கையில் ஒரு கிழமை இருக்கிறது, கூடிப்போனால் பத்து நாள். புழு தண்டுக்குள் புகுந்துவிட்டால் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடுவதேயில்லை.

நான் ஈச்சிலம்பற்றுப் பக்கம் மேட்டுக்காணியில் சோளமும் கச்சானும் கௌபியும் செய்கிறேன். வெருகல், மூதூர், தம்பலகாமம், பன்குளம், முதலிக்குளம், குச்சவெளி என்று நம் திருகோணமலை மாவட்டத்தில் வயலுக்கு வெளியே ஒரு துண்டு மேட்டுநிலம் வைத்திருப்பவர்கள் பலர். அதில் அரை ஏக்கராவது சோளம் போட்டுப் பார்க்கலாமே என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். போடலாம், நல்ல பயிர். ஆனால் யானைக்கும் பன்றிக்கும் வேலி போடுவதைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு இந்தப் புழுவைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில், எந்தப் புழு என்று தெரிந்துகொள்ளுங்கள்

சோளத் தண்டைத் துளைப்பவை முக்கியமாக இரண்டு வகை. ஒன்று புள்ளித் தண்டு துளைப்பான். அறிவியல் பெயர் கைலோ பார்ட்டெல்லஸ். புழு மஞ்சள் கலந்த வெண்மையாக இருக்கும். தலை கபில நிறம். உடம்பில் நீளவாக்கில் வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள். நன்றாக வளர்ந்தால் இரண்டரை சென்ரிமீற்றர் வரும். இது ஆசியாவுக்கே உரிய பூச்சி. இங்கிருந்துதான் கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போய் அங்கும் சோளத்தை அழிக்கத் தொடங்கியது.

மற்றது இளஞ்சிவப்புத் தண்டு துளைப்பான், செசாமியா இன்பெரன்ஸ். புழுவுக்குப் புள்ளி கிடையாது. முதுகு ஊதா கலந்த இளஞ்சிவப்பு, வயிறு வெளிறியிருக்கும். வயல் செய்கிறவர்களுக்கு இது புதுமுகம் இல்லை, நெல்லிலும் இதே புழு உண்டு. குரக்கன், இறுங்கு, கரும்பு, சில புல்வகை என்று எல்லாவற்றிலும் தங்கும். ஆகவே வயலை ஒட்டிய காணியில் சோளம் போட்டால், நெல் வெட்டி முடிந்ததும் அந்து (இந்தப் புழு வளர்ந்து ஆகும் இறக்கையுள்ள பூச்சி) உங்கள் பக்கம் திரும்பக்கூடும் என்பதை மனதில் வையுங்கள்.

இரண்டும் முட்டையிடும் விதம் வேறு. புள்ளி வகை இலையில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், மீன் செதிள் அடுக்கியதுபோல ஒன்றின்மேல் ஒன்று படிந்த தட்டையான முட்டைகளை இடும். இளஞ்சிவப்பு வகை இலையின் அடிமடலுக்கும் தண்டுக்கும் இடையில் ஒளித்து வரிசையாக வைக்கும். மடலை விரலால் விலக்கினால்தான் தெரியும்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக்கூடியவை இன்னும் இரண்டு இருக்கின்றன. 2018 கடைசியில் இலங்கைக்குள் வந்த படைப்புழு, சனங்கள் சேனாப் புழு என்றும் சொல்வது, முதலாவது. அதன் நெற்றியில் தலைகீழாகக் கவிழ்த்த ஆங்கில 'வை' எழுத்துப் போல வெளிறிய கோடு இருக்கும். வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அது இலையைக் கிழித்துக் கந்தலாக்கும், குருத்துக்குள் ஈரமான மரத்தூள் மாதிரி எச்சத்தை அள்ளிக் கொட்டியிருக்கும். தண்டு துளைப்பானின் வேலை அவ்வளவு அலங்கோலமாக இருக்காது. சின்ன ஓட்டை, ஒழுங்கான வரிசை, கொஞ்சம் தூள். அமைதியாக இருப்பதால்தான் கவனத்தில் படுவதில்லை.

மற்றது குருத்து ஈ. முளைத்து மூன்று கிழமைக்குள் நடுக்குருத்து காய்ந்தால் அதன் வேலையாகவும் இருக்கலாம். குருத்தை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதி அழுகி நாறி, உள்ளே கால் இல்லாத குட்டி வெண்புழு இருந்தால் ஈ. தலையும் கால்களும் தெளிவாகத் தெரியும் புழு என்றால் துளைப்பான்.

ஓட்டை ஏன் வரிசையாக விழுகிறது

இதை விளங்கிக்கொண்டால் எப்போது என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கும். முட்டை நான்கு ஐந்து நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சுப் புழு மேலேறி, செடியின் நடுவில் கூம்புபோலச் சுருண்டிருக்கும் குருத்துக்குள் இறங்கும். சில புழுக்கள் மெல்லிய நூல் விட்டுக் காற்றில் பக்கத்துச் செடிக்கும் போகும். குருத்தில் இலை இன்னும் விரியாமல் சுருட்டிய பாய் மாதிரி இருக்கிறது. புழு அந்தச் சுருளை ஒரு இடத்தில் கடித்துத் துளைக்கிறது. சில நாள் கழித்து இலை விரியும்போது அந்த ஒரு துளை பல துளைகளாக, ஒரு வரியில் தெரிகிறது. பிள்ளைகள் கடதாசியை மடித்து ஒரு இடத்தில் வெட்டிவிட்டு விரித்துப் பார்ப்பார்களே, அதேதான்.

அதாவது இலையில் வரிசை ஓட்டை தெரியும்போது புழு சில நாள் ஏற்கெனவே தின்றுவிட்டது. ஆனால் அநேகமாக இன்னும் குருத்துக்குள்தான் இருக்கிறது. கொஞ்சம் பருத்ததும் கீழே இறங்கித் தண்டைத் துளைக்கும். செடி சின்னதாக இருந்தால் வளரும் நுனியையே தின்றுவிடும். நடு இலை மட்டும் காய்ந்து வைக்கோல் நிறமாக நிற்கும், சுற்றியுள்ள இலைகள் பச்சையாகவே இருக்கும். இதைத்தான் குருத்துக் காய்தல் என்கிறோம். அந்தச் செடியில் இனிக் கதிர் இல்லை. செடி பெரிதான பிறகு புகுந்தால் செடி சாகாது, ஆனால் தண்டின் நடுவைக் குடைந்துகொண்டு போகும். நீரும் சத்தும் மேலே ஏறுவது குறையும், கதிர் சிறுக்கும், டிசம்பர் காற்று மழைக்குத் துளை விழுந்த இடத்தில் தண்டு முறியும். உள்ளேயே கூட்டுப்புழுவாகி அந்தாக வெளியே வரும். முட்டையிலிருந்து அந்து வரை ஒரு மாதம் அல்லது ஒன்றரை மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பயிர்க்காலத்துக்குள் இரண்டு தலைமுறைக்கு இடம் இருக்கிறது.

விதைக்கும் முன்

அயலவர்களோடு பேசுங்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் ஒக்டோபர் முதல் மழைக்குப் போட்டு, அடுத்தவர் நவம்பர் நடுவில் போட்டு, மூன்றாமவர் மார்கழியில் போட்டால், முதற்காணியில் வளர்ந்த அந்து எல்லாம் பிந்திப் போட்ட பிஞ்சுச் செடிக்குத்தான் வரும். அடி விழுவது எப்போதும் கடைசியாகப் போட்டவருக்குத்தான். பெரும்போகத்தில் முதல் நல்ல மழை கிடைத்து மண் நனைந்ததும், ஒரு வட்டாரத்தில் உள்ளவர்கள் இரண்டு கிழமைக்குள் விதைத்து முடிப்பது மருந்தைவிடப் பெரிய உதவி. காசும் செலவில்லை.

போன போகத்துச் சோளத் தண்டு காணியிலோ வேலியிலோ கிடந்தால் விதைக்கும் முன் அகற்றுங்கள். இதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

விதை விடயத்தில், கடையில் வாங்கும் கலப்பின விதை சாயம் பூசி வரும். அது மருந்து பூசிய விதை. மிஞ்சியதைக் கோழிக்குப் போடக்கூடாது, வெறுங்கையால் அள்ளக்கூடாது. அவித்து விற்கவோ வீட்டுத் தேவைக்கோ என்றால் பத்ரா, ருவன் போன்ற நம் நாட்டு வர்க்கங்களும் இருக்கின்றன. எந்த விதையானாலும் துளைப்பான் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 30 சென்ரிமீற்றர் விட்டுப் போடுங்கள். நெருக்கிப் போட்டால் பிறகு குருத்துப் பார்க்க உள்ளே நடக்கவே முடியாது. வரிசைக்கு நடுவே கௌபியோ பயறோ ஊடுபயிராகப் போடுவது நல்லது. அந்து முட்டையிடச் செடி தேடி அலைய வேண்டிவரும், குஞ்சுப் புழு ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் தொலையும், எறும்பும் சிலந்தியும் நிழலில் தங்கி வேட்டையாடும். கென்யாவில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். சோள வரிசைகளுக்கு இடையில் டெஸ்மோடியம் என்ற அவரைக் குடும்பச் செடி. அதன் வாசம் அந்தை விரட்டும். காணியைச் சுற்றி நேப்பியர் புல். அது அந்தை இழுக்கும். அந்தப் புல்லில் முட்டையிட்டாலும் புழுக்கள் பெரும்பாலும் வளர்ந்து தேறுவதில்லை. மாடு வளர்ப்பவர்கள் வேலியோரம் நேப்பியர் வைத்தால் தீனியும் ஆகும்.

பசளையில் ஒரு எச்சரிக்கை. செடி கறுகறுவென்று வர வேண்டும் என்று யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். தண்டு மெத்தென்று வளரும், புழுவுக்கு அது விருந்து. அடிப்பசளை போட்டு, யூரியாவை நாலாவது கிழமை அளவில் பிரித்துப் போடுங்கள். உங்கள் மண்ணுக்கான அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

காணிக்குள் நடப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். முளைத்துப் பத்தாம் நாளிலிருந்து ஆறாவது கிழமை முடியும்வரை, கிழமைக்கு இரண்டு தரம், வெயில் ஏறும் முன் காணிக்குள் நடவுங்கள்.

வரம்பில் நின்று பார்ப்பது பார்வை ஆகாது. ஓரத்துச் செடிகள் மட்டும்தான் தெரியும். உள்ளே வளைந்து வளைந்து போய் ஐந்து இடத்தில் நில்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் அடுத்தடுத்து 20 செடி பாருங்கள். மொத்தம் 100 செடி. அரை ஏக்கருக்கு அரை மணித்தியாலம் போதும். ஒவ்வொரு செடியிலும் மேலிருந்து குருத்துக்குள் எட்டிப் பாருங்கள்: தூள் இருக்கிறதா, புது ஓட்டை இருக்கிறதா? பிறகு இரண்டு மூன்று இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள்: செதிள் போல முட்டை இருக்கிறதா? அடிமடலை விரலால் விலக்குங்கள். நடுக்குருத்து வாடியிருந்தால் மெல்ல இழுங்கள், கையோடு வந்தால் உள்ளே புழு வேலை முடிந்துவிட்டது.

அடிபட்ட செடி எத்தனை என்று எண்ணி, ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். மனதில் வைத்திருப்பேன் என்று நினைக்காதீர்கள். போன கிழமை 4, இந்தக் கிழமை 5 என்றால் நிலைமை கைக்குள் இருக்கிறது. போன கிழமை 4, இந்தக் கிழமை 11 என்றால் அன்று மாலையே ஏதாவது செய்ய வேண்டும். பொதுவாக 100 செடியில் 10 என்பதை எல்லையாக வைத்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே கைவேலை, அதற்கு மேலே மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

பெருமழை பெய்தால் குஞ்சுப் புழுக்கள் நிறையக் கழுவப்பட்டுச் சாகும். ஆனால் முதல் மழைக்கு விதைத்து, செடி முளைத்து, அப்புறம் பத்துப் பதினைந்து நாள் மழை இல்லாமல் வெயில் எரிக்கும் காலம் ஒன்று நம் பக்கத்தில் அடிக்கடி வருமே, அந்த இடைவெளியில்தான் புழு கூடும். அந்த நாட்களில் நடையைத் தவறவிடாதீர்கள்.

கொஞ்சமாக இருக்கும்போது

முட்டைக் கூட்டத்தைக் கண்டால் இலைத் துண்டோடு கிள்ளி நசுக்குங்கள். ஒரு பெண் அந்து சில நூறு முட்டை இடும். ஒரு கூட்டத்தை நசுக்குவது பத்துப் பதினைந்து செடியைக் காப்பாற்றுவதற்குச் சமம்.

குருத்துக் காய்ந்த செடியை அடியோடு பிடுங்குங்கள். பிடுங்கி வரம்பில் போட்டுவிட்டுப் போவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. செடி வாடியதும் புழு வெளியே வந்து அடுத்த செடிக்கு நடக்கும். ஒரு பையை இடுப்பில் கட்டிக்கொண்டு போய், பிடுங்கியதை அதற்குள் போட்டு, வெளியே கொண்டுவந்து மாட்டுக்கு நறுக்கிப் போடுங்கள். மருந்து அடிக்காத காணி என்றால் மட்டும். இல்லாவிட்டால் பொலித்தீன் பையிலேயே இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள், உள்ளே உள்ளது வெந்து சாகும்.

குருத்துக்குள் இருக்கும் குஞ்சுப் புழுவுக்கு உலர்ந்த சாம்பலோ மெல்லிய மணலோ ஒரு சிட்டிகை போடும் வழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு. அரை ஏக்கருக்குள் இது செய்யக்கூடியதே. ஐந்து ஏக்கருக்கு முடியாது.

வேப்பங்கொட்டைக் கரைசலை நான் உண்மையாகவே பரிந்துரைக்கிறேன், ஆனால் ஆயத்தம் முன்கூட்டியே வேண்டும். வெயில் காலத்தில் நம் ஊர் வேம்புகளின் கீழ் பழம் உதிர்ந்து கிடக்கும்போதே பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான சாக்கில் வைத்திருங்கள். மாரியில் தேவைப்படும்போது கொட்டையின் மேலோட்டை நீக்கிப் பருப்பை இடித்து, 10 லீற்றர் கரைசலுக்கு 500 கிராம் பருப்புத் தூள் என்ற கணக்கில் எடுத்து, கொஞ்சத் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் பிழிந்து வடித்து, மீதித் தண்ணீரைச் சேர்த்து, ஒரு தேக்கரண்டி சவர்க்காரத் தூள் கலந்து, மாலையில் நேராகக் குருத்துக்குள் விழும்படி அடியுங்கள். பகல் வெயில் வேம்பின் சத்தைச் சீக்கிரம் கெடுத்துவிடும். செய்த அன்றே அடித்து முடிக்க வேண்டும், வைத்திருந்து மறுநாள் அடிப்பதில் பயனில்லை. இது புழுவை உடனே கொல்லாது. தின்னவிடாமல், தோலுரித்து வளரவிடாமல் தடுக்கும். ஆகவே அடித்த மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு "புழு உயிரோடுதான் இருக்குது" என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

விளக்குப் பொறி பற்றியும் ஒரு வார்த்தை. அந்து இரவில் திரிவது, வெளிச்சத்துக்கு வரும். யானைக் காவலுக்குப் பரண் போட்டு இருப்பவர்கள் எப்படியும் ஒரு விளக்கு வைத்திருப்பீர்கள். அதன் கீழ் அகன்ற பேசினில் சவர்க்காரத் தண்ணீர் வைத்தால் காலையில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்கலாம். அழிப்பதைவிட அறிவதற்குத்தான் இது கூட உதவும். வைக்கோல் நிற அந்துகள் கூட விழத் தொடங்கினால் ஒரு கிழமைக்குள் குருத்தில் குஞ்சுப் புழுவை எதிர்பாருங்கள்.

புழுவைப் பிளந்து பார்க்கும்போது சில வேளை செத்த புழுவின் பக்கத்தில் பஞ்சு போல வெண்ணிறச் சிறு கூடுகள் குவியலாக இருக்கும். அவற்றை நசுக்காதீர்கள். அது கொட்டேசியா என்ற குட்டிக் குளவியின் கூடு. துளைப்பானின் உடம்புக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்று முடிக்கும். 1993இல் கென்யாவில் இந்தக் குளவியை ஆசியாவிலிருந்து கொண்டுபோய் விட்டுத்தான் புள்ளித் துளைப்பானைக் குறைக்கப் பார்த்தார்கள். நம் காணியில் அது சும்மா வந்து வேலை செய்கிறது. தொட்டதற்கெல்லாம் மருந்து அடித்தால் முதலில் சாவது இதுதான்.

மருந்து அடிக்க வேண்டி வந்தால்

100க்கு 10ஐத் தாண்டி, எண்ணிக்கை ஏறிக்கொண்டும் இருந்தால் அடிக்கத்தான் வேண்டும். அதில் தயக்கம் வேண்டாம். ஆனால் நேரம் சரியாக இருக்க வேண்டும். புழு குருத்தில் இருக்கும்போது அடிக்கும் ஒரு தெளிப்பு, தண்டுக்குள் போன பிறகு அடிக்கும் மூன்று தெளிப்பைவிட மேல்.

எமாமெக்டின் பென்சோயேட், குளோரன்ட்ரானிலிப்ரோல், ஸ்பைனெடோரம் போன்ற பெயர்களைக் கடையில் கேள்விப்படுவீர்கள். எதை, எவ்வளவு என்பதைக் கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். கொப்பியையும் அடிபட்ட ஒரு செடியையும் எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள். போக முடியாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம். போத்தலில் ஒட்டியிருக்கும் சுட்டுத்துண்டில் தமிழிலும் எழுதியிருக்கும். அளவு, எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்ற இரண்டையும் வாசியுங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் அடுத்த தடவை வேறு வகைக்கு மாறுங்கள்.

பழைய ஆட்கள் சிலர் குருத்துக்குள் நாலு குருணை போட்டால் போதும் என்பார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் கார்போபியூரான். கடும் நஞ்சு, நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. யாராவது பழைய மிச்சம் தந்தால் வாங்காதீர்கள்.

அடிக்கும்போது: இலை முழுவதும் நனைப்பது நோக்கமில்லை, குருத்துக்குள் இறங்க வேண்டும். முனையைக் குருத்துக்கு நேர் மேலே பிடித்து, ஒவ்வொரு செடிக்கும் ஒரு நொடி நின்று போங்கள். மாலையே நல்ல நேரம், புழு மேலே வரும். சிறுபோகத்தில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் பகலில் தெளிப்பது மருந்தையும் உங்களையும் வீணாக்குவது. விடியற்காலையில் காற்று எழும்ப முன் முடியுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி கட்டாயம். காற்றுக்கு முதுகைக் காட்டி நடவுங்கள். தலை சுற்றினாலோ வாந்தி வந்தாலோ உடனே நிறுத்தி, உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மருந்துப் போத்தலையும் கூடவே கொண்டுபோங்கள்.

பூ விட்ட பிறகு அடிக்காதீர்கள். தேனீக்கள் மகரந்தம் எடுக்க வரும் நேரம் அது. புழுவும் அதற்குள் தண்டுக்குள்ளும் கதிருக்குள்ளும் போயிருக்கும். அவித்து விற்கப்போகிற கதிர் என்றால் இதை இன்னும் கண்டிப்பாகப் பாருங்கள். கந்தளாய் வீதியில் பஸ்ஸை நிறுத்தி வாங்கித் தின்னும் பிள்ளைகளுக்கு நாம் என்ன அடித்தோம் என்பது தெரியாது.

கதிர் வந்த பிறகு

இந்தக் கட்டத்தில் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. முறிந்த செடிகளை எடுங்கள். கதிரின் காம்பைத் துளைத்திருந்தால் கதிர் தொங்கும், அதை முதலில் முறித்துப் பச்சையாகவே பயன்படுத்துங்கள். உலர விடும் கதிர்களில் துளை விழுந்தவற்றைப் பிரித்து வையுங்கள். புழு போன வழியில் பூஞ்சணம் பிடிக்கும். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்புப் பூஞ்சணம் பிடித்த மணிகளை நல்லதோடு கலக்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள். அஃப்ளடொக்சின் போன்ற நஞ்சுகள் அப்படித்தான் தீனிக்குள் போகின்றன.

அறுத்த பிறகுதான் அடுத்த போகம் தொடங்குகிறது

என் முதல் மாரியில் கதிர் முறித்து முடித்ததும், தண்டுகளை நல்ல ஒழுங்காகக் கட்டி வேலியில் நிமிர்த்திச் சாத்தி வைத்தேன். மாட்டுக்கும் ஆகும், மரக்கறிப் பந்தலுக்கும் ஆகும் என்று நினைத்தேன். அடுத்த மாரியில் வேலியை ஒட்டிய ஆறு ஏழு வரிசைகளில் குருத்துக் காய்ந்து, பார்க்கவே வயிறு எரிந்தது. நடுக்காணியில் அவ்வளவு இல்லை. பக்கத்துக் காணி மாமா வந்து பார்த்தார். வேலியில் கிடந்த ஒரு பழந்தண்டை எடுத்துக் கத்தியால் நெடுக்கப் பிளந்து காட்டினார். உள்ளே கூட்டுப்புழு விட்டுப்போன வெறும் கோது. "தம்பி, போன வருசத்துச் சோளன் தடியை நீ வேலியில வைக்கேல்ல, புழுவைக் காவல் வைச்சிருக்கிறாய்" என்றார்.

நடந்தது இதுதான். அறுவடை முடிந்து வெயில் காலம் வந்ததும் புள்ளித் துளைப்பானின் புழு உலர்ந்த தண்டுக்குள், அடிக்கட்டையில், ஒன்றும் தின்னாமல் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மழை தொடங்கி ஈரம் பட்டதும் விழித்து, கூடாகி, அந்தாக வெளியேறும். அந்த நேரம் உங்கள் புதுச் சோளம் முளைத்து இரண்டு மூன்று இலையோடு நிற்கும்.

ஆகவே கதிர் முறித்த கையோடு தண்டை நிலமட்டத்தில் வெட்டுங்கள். ஒரு சாண் கட்டையை விட்டுவிட்டு மேலே வெட்டினால் அந்தக் கட்டைக்குள்ளேயே புழு தங்கிவிடும். பச்சை இருக்கும்போதே நறுக்கி மாட்டுக்குப் போடலாம். பட்டி மாடு வைத்திருக்கும் அயலவர் இருந்தால் ஒரு கிழமை காணிக்குள் மேயவிடச் சொல்லுங்கள், இலையையும் மெல்லிய தண்டையும் தின்று மிதித்துவிடும். மிச்சத்தைச் சின்னதாக வெட்டிக் கூட்டெரு குவியலில், சாணியும் ஈரமும் சேர்த்து, நடுவில் வரும்படி போடுங்கள். குவியல் நன்றாகச் சூடேற வேண்டும். பிறகு ஒரு உழவு போட்டால் அடிக்கட்டைகள் புரண்டு வெயில் குடிக்கும், காகமும் கொக்கும் பின்னாலேயே வரும்.

பந்தலுக்கோ வேலிக்கோ தண்டு தேவை என்றால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நிமிர்த்திச் சாத்தாதீர்கள். வெறும் நிலத்தில், ஒன்றன்மேல் ஒன்று விழாமல், படுக்கவைத்துப் பரப்புங்கள். ஒரு மாதம் முழு வெயில் படட்டும், நடுவில் ஒரு தரம் புரட்டிவிடுங்கள். நம் ஊர் வெயில் போதும், உள்ளே கிடக்கும் புழுவில் பெரும்பங்கு வெந்துவிடும். அதன் பிறகு கட்டி வையுங்கள். கொளுத்துவதை நான் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன். காற்றுக் காலத்தில் ஒரு பொறி பக்கத்துக் காட்டில் விழுந்தால் என்னவாகும் என்று நம் பக்கத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மண்ணுக்கும் ஒன்றும் மிஞ்சாது.

புரட்டாதி பிறந்ததும் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. வைத்திருக்கும் தண்டுகளில் அங்கொன்று இங்கொன்றாகப் பத்தை எடுத்து நெடுக்கப் பிளந்து பாருங்கள், அடிப்பக்கத்தைக் கவனமாக. காணியில் விட்டுப்போன கட்டைகள் இருந்தால் அவற்றிலும் சிலதைப் பிளவுங்கள். உறங்கும் புழுவின் புள்ளி மங்கியிருக்கும், சில புழுவில் புள்ளியே தெரியாது, தொட்டால் மெல்ல அசையும். பத்தில் ஒன்றில் கண்டாலும் அந்தக் கட்டு முழுவதும் முதல் மழைக்கு முன் காணியைவிட்டுப் போய்விட வேண்டும்.